கிளினிக், கிடங்கு, கிளினிக்

கழுத்தில் பட்டை கட்டி மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டால், கூரையைப் பார்ப்பதைத் தவிர வேறு கதியில்லை. பெரியவன் பெயின்டர் என்பதால் அவனால் கூரையையும் சும்மா பார்க்க முடியவில்லை. முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை அடித்திருக்கிறார்கள். விளக்கைச் சுற்றி பிரஷ் தடம் அப்படியே நிற்கிறது. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடிய வெள்ளைக் குழாய் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அதற்குள் போகும் ஒயரெல்லாம் அவன் தங்கை முன்னால் நின்று இழுக்க வைத்தது. அந்த வலியிலும் குழாயைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

காலையில் ஏணி சறுக்கி விழுந்திருந்தான். வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய எலும்பு டாக்டர் ஊரின் மறுகோடியில், பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் பார்க்கும்வரை ஆளை அசைக்கக் கூடாது. எலும்பு விலகியிருந்தால், தோண்டிப் போட்ட சாலையில் ஆம்புலன்ஸ் ஒரு குதி குதித்தாலே போதும், அந்தக் கை அப்புறம் பிரஷ் பிடிக்காது. டியூட்டி டாக்டரம்மா இதை அவனிடம் பதமாகத்தான் சொன்னார். அவன் பதமாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

படம் போய்ச் சேரவில்லை என்பதுதான் சிக்கல். திரையை போனில் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தார்கள். மயிரிழை விரிசல் இதில் தெரியாது, அசல் படம்தான் வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

கிளினிக்கின் கம்ப்யூட்டர் இணைப்புகளைக் கவனிப்பது சின்னவள், அதாவது அவன் தங்கை. பெட்டிகளும் ஒயர்களும் இருந்த சிறிய அறை அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே. அவள் கீபோர்டைத் தட்டுவது அவனுக்குக் கேட்டது. அவன் எட்டாவதோடு நின்றவன்; படிப்பு அவனை விட்டதா, அவன் படிப்பை விட்டானா என்பது வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு. ஆனால் தங்கையின் வேலையை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், விளக்குவான். பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் மாட்டிக்கொண்டார்.

"படத்தை அப்படியே அனுப்புறதில்லைங்க. துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொண்ணு மேலயும் விலாசம் ஒட்டி விடுவாங்க. நடுவுல இருக்கிற பெட்டி எதுக்கும் முழு வழி தெரியாது. அடுத்தது யார்கிட்ட தள்ளணும்னு மட்டும்தான் தெரியும். அதுக்கும் அடுத்தது அவங்க பாடு."

"பேசாம படுங்க. தாடை ஆடினா கழுத்தும் ஆடும்," என்றார் நர்ஸ்.

உள்ளே சின்னவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் பெரிய ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்ப்பவர். கண்ணாடி கனத்தால் எல்லோருக்கும் அவர் சோடாபுட்டி. நேரில் மட்டும் சார். துண்டுகள் எந்தெந்தப் பெட்டி வழியாகப் போகின்றன என்று சின்னவள் கம்ப்யூட்டரைத் தேடச்சொல்லியிருந்தாள். பதில் ஒவ்வொரு வரியாகத் திரையில் வர, அவள் வாய்விட்டுப் படித்தாள். கிளினிக். கிடங்கு. கிளினிக். கிடங்கு. கிளினிக்.

அவள் படிப்பதை அங்கேயே நிறுத்தினாள்.

நடந்தது இதுதான். கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராக ஒரு கம்பி. இன்னொன்று ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கு வழியாகச் சுற்றிக்கொண்டு போவது. அன்று காலை சாலை தோண்டியவர்கள் நேர்க் கம்பியை அறுத்துவிட்டார்கள். சின்னவள் சட்டென்று எல்லாவற்றையும் கிடங்குப் பக்கம் திருப்பிவிட்டாள். அந்தப் பக்கம் சோடாபுட்டி முந்தின நாள்தான் கிடங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலுள்ள கம்பியைப் பழுது பார்த்திருந்தார். அந்தக் கம்பி ஒருநாள் சும்மா இருக்கட்டும் என்று, கிடங்குக்கு வருவதையெல்லாம் கிளினிக் வழியாகப் போகும்படி திருப்பி வைத்திருந்தார். கிளினிக் கிடங்கிடம் தள்ள, கிடங்கு கிளினிக்கிடம் தள்ள, அண்ணனின் கழுத்து இரண்டுக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஆயுளை எழுதித்தான் அனுப்புவார்கள். ஒரு பெட்டியைத் தாண்டினால் ஒன்று குறையும். தீர்ந்ததும் அங்கேயே உதிர்ந்துவிடும். படம் மொத்தமும் இப்படி வழியிலேயே உதிர்ந்துகொண்டிருந்தது.

என் தப்புதான் சார் என்றாள் சின்னவள். இல்லம்மா, என் தப்பு என்றார் சோடாபுட்டி. இரண்டு பேரும் நல்லவர்கள், அதுதான் வினையானது. அவர் கிடங்கை ஆஸ்பத்திரிப் பக்கமே நேராக்கினார். அதே நேரத்தில் இவள் தான் திருப்பியதைப் பழையபடி மாற்றிவிட்டாள். இப்போது படம் அறுந்த கம்பியில் போய் முட்டியது. அதைப் பார்த்ததும் இவள் மறுபடி கிடங்குப் பக்கம் திருப்பினாள். அவரும் படம் வரவில்லையே, ஏதோ கோளாறு என்று கிடங்கைப் பழையபடி கிளினிக் பக்கம் திருப்பினார். குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இருவர், வழிவிடுகிறேன் என்று ஒரே பக்கம் நகர்ந்த கதைதான். கிளினிக், கிடங்கு, கிளினிக்.

பெரியவனுக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகலாமா என்றால், அப்பாவைக் கேள் என்பாள் அம்மா; அம்மாவைக் கேள் என்பார் அப்பா. அவன் அலைந்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த வருடம் சின்னவள் முறை. அவள் அப்பாவின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம் கேட்டாள்.

"சார்," என்றாள் சின்னவள் இப்போது. "கிடங்கை நேராக்குங்க. ஆக்கிட்டீங்களா? இப்ப ரெண்டு கையையும் மேஜை மேல வைங்க. நான் சொல்றவரைக்கும் எதையும் தொடக்கூடாது. இங்க படுத்திருக்கிறது எங்க அண்ணன்."

"வச்சிட்டேம்மா," என்றது ஸ்பீக்கர்.

அவள் மறுபடி தேடச்சொன்னாள். கிளினிக். கிடங்கு. பெரிய ஆஸ்பத்திரி. அதோடு நின்றது. கூரையில் ஓடிய வெள்ளைக் குழாயைப் பெரியவன் கண் கொட்டாமல் பார்த்தான். உள்ளே போவது தெரியப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தான்.

டியூட்டி டாக்டரம்மாவின் போன் அடித்தது. அவர் ம்ம், ம்ம் என்று கேட்டுக்கொண்டே வந்து கட்டிலருகே நின்றார். முறிவு இல்லை, விலகலும் இல்லை. அடிபட்ட வீக்கம் நரம்பை அமுக்குகிறது. வற்றினால் விரல் சரியாகிவிடும். பட்டை கொஞ்ச நாள் இருக்கட்டும்.

பெரியவன் விட்ட பெருமூச்சில் பட்டையே தளர்ந்தது போலிருந்தது. சின்னவள் வந்து அவன் வலது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அமுத்து."

அமுத்தினான்.

"இவ்வளவுதானா? இன்னும் நல்லா."

"கூரையைப் பாருடி. எவன் அடிச்ச பெயின்ட் இது? உன் குழாய் ஒண்ணுதான் உருப்படி."

அவள் சிரித்தாள், கண் மட்டும் நிறைந்திருந்தது. அப்போது உள்ளே யாரோ இருமினார்கள். போனை அணைக்க மறந்திருந்தாள்.

"அம்மா," என்றது ஸ்பீக்கர் மரியாதையாக, "நான் கையை எடுக்கலாமா?"