பஸ் திரும்ப ஓர் இடம்

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். நான் சர்வேயராக இருந்த காலத்தில் அது தெரியாதவர்கள் ஏற்காட்டில் குறைவு. அளக்கும்போது சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கிற செயின்மேன் ஓரடி தள்ளி நின்றால் கத்துவேன். சரியாக நின்றால், முதலிலேயே ஏன் இப்படி நிற்கவில்லை என்று கத்துவேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மலைக்காரர். "சார் காலைல காப்பி குடிக்கலயாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஊரையே அதட்டிக்கொண்டிருந்த நான் கரடியூரில் ஒரு பலா மரத்திடம் வசமாக மாட்டிக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கரடியூருக்குப் பஸ் கிடையாது. காப்பியோ மிளகோ மூட்டை கட்டினால் தலையில் சுமந்து, பஸ் நிற்கிற ஒண்டிக்கடைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் யாருடைய ஜீப்புக்காவது காத்திருக்க வேண்டும். பிரசவ வலி கண்டவளுக்கும் அதே ஜீப்தான். ஊர்க்காரர்கள் மனு மேல் மனு போட்டு ரோட்டை அகலப்படுத்த வைத்துவிட்டார்கள். பஸ்ஸும் விடுவதாகச் சொல்லியாயிற்று. ஆனால் வந்த பஸ் திரும்புவதற்கு ஊர்க்கோடியில் இடம் வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் ரோட்டில் பஸ்ஸைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போக எந்த டிரைவர் சம்மதிப்பார்? ஐப்பசி மழைக்குள் இடம் தயாராகாவிட்டால் பஸ்ஸை வேறு ஊருக்கு விட்டுவிடுவார்கள். இடத்தை அளந்து, பட்டாதாரரிடம் சம்மதம் வாங்கி, காகிதங்களை ஆபீசில் சேர்ப்பது என் பொறுப்பு.

ஊர்க்கோடியில் சமமாக இருந்தது ஒரே இடம். அது ஒரு காப்பித் தோட்டத்தின் முன்பகுதி. தோட்டக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வாயைத் திறந்தால் மூன்று வார்த்தைக்கு மேல் வராது. நில ஆர்ஜிதம், ஆட்சேபணை, இழப்பீடு என்று நான் நீட்டி முழக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"பஸ்ஸு வருமுங்களா?" என்றார்.

"வரும்."

"எடுத்துக்குங்க."

கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டார். என் சர்வீசிலேயே அவ்வளவு லேசாக ஒரு சம்மதம் கிடைத்ததில்லை. அந்த இடத்தின் நடுவில் பெரிய பலா ஒன்று நின்றது. 'பலா ஒன்று, வெட்ட வேண்டியது, உரிமை பட்டாதாரருக்கு' என்று குறிப்பெழுதி மூடினேன். மலைக்கு மாற்றலாகி வருமுன் பத்து வருடமாகச் சேலத்துப் பக்கம் அப்படித்தான் எழுதிப் பழக்கம். நிலம் யாருடையதோ மரமும் அவருடையது. மரம் யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டேனா என்றால், இல்லை.

மரம் வெட்டுகிற அன்று காலையில் நானும் செயின்மேனும் போய்ப் பார்த்தால், மரத்தடியில் ஓர் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒண்டிக்கடையை அடுத்து, மலையின் மறுபக்கத்து எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவராம். கோடாலிக்காரர்கள் இருவரும் தள்ளி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, எந்திரிங்க. மரத்தை வெட்டணும்" என்றேன்.

"ஏனுங்க சார், என்ற மரத்தை என்னையக் கேக்காம எப்படீங்க வெட்டுவீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காகிதக் கட்டைப் பிரித்துப் பட்டாவைக் காட்டினேன். "இதுல உங்க பேரே இல்லையே?"

"நெலம் எங்கண்ணனுதுங்க. மரம் என்றதுங்க."

கோடாலிக்காரர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் என் செயின்மேனும் ஆட்டுகிறார். அந்தப் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீரோடு ஒரு மரத்தையும் கொடுத்துவிடுவார்களாம். நிலம் மகனுக்கு. அதில் நிற்கிற ஒரு பலாவோ ஆரஞ்சோ, காய்ப்பு இருக்கிற வரை, மகளுக்கு. எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?" என்று செயின்மேனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊருக்கே தெரியுமுங்க. சாருக்குத் தெரியாதுன்னு எனக்கெப்படீங்க தெரியும்?" என்றார் அவர்.

மரத்துக்கான இழப்பீட்டை அந்த அம்மாவின் பேரிலேயே எழுதித் தருகிறேன் என்று இறங்கி வந்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பணத்த வாங்கி நான் என்ன பண்றதுங்க? என்ற மவள அண்ணன் மவனுக்குக் குடுக்கலைன்னு ஆறு வருசமாப் பேச்சு வார்த்தை இல்லீங்க. பொறந்த ஊட்டு வாசல மிதிக்கறதில்ல. பழம் வெட்டற சாக்குல வருசத்துக்கு ஒருக்கா எட்டு மைலு நடந்து வர்றனுங்க. அண்ணனத் தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிருவேன். இந்த மரமும் போச்சுன்னா, எதைச் சொல்லிக்கிட்டுங்க நான் இந்த ஊருக்கு வருவேன்?"

ஒரு மரம் என்று ஒற்றை வரியில் எழுதி மூடியிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்கு அடுத்தபடி கோபம்தான் வரும். அந்தக் கோபத்தோடு நேராக அண்ணனிடம் போனேன். அவர் காப்பி காயப்போடும் களத்தில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ஏனய்யா, தங்கச்சி மரம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா பஸ்ஸு வராதுங்களே" என்றார். சற்றுப் பொறுத்து, "அவ எட்டு மைலு நடக்கறாளுங்க" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. தங்கை நடக்கிறாளே என்று மனிதர் பஸ்ஸுக்கு இடம் கொடுத்திருக்கிறார், அவள் வருவதற்கு இருந்த ஒரே சாக்கை வெட்டச் சொல்லி.

"மரம் போனா அவங்க எதுக்கய்யா வருவாங்க?"

"பொறந்த ஊட்டுக்கு வர மரம் எதுக்குங்க?"

"வான்னு ஒரு தடவை கூப்பிட்டிருக்கீங்களா?"

அவர் காப்பிச் செடியில் ஓர் இலையைக் கிள்ளித் துண்டு துண்டாக்கிக்கொண்டு நின்றார். நான் மரத்தடிக்குத் திரும்பினேன். கோடாலிக்காரர்களை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

மத்தியானம் முழுவதும் கயிற்றை வைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மரத்தை நடுவில் விட்டுவிட்டால் பஸ் அதைச் சுற்றிக்கொண்டு திரும்பலாம். ஆனால் வட்டம் பெரிதாகும். தோட்டத்தில் இன்னும் மூன்று வரிசைக் காப்பிச் செடி போகும், எல்லாம் காய் பிடித்து நிற்கிற செடிகள். அண்ணனைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி (செயின்மேன் ஆச்சரியமாகப் பார்த்தார்), விஷயத்தைச் சொன்னேன். கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மாட்டேன் என்றால் மரம்தான் போகும் என்றும் சொன்னேன்.

அவர் என் கையிலிருந்த முளைக்குச்சியை வாங்கினார். செடிகளுக்குள் நடந்து, நான் காட்டிய இடத்தையும் தாண்டி இன்னும் இரண்டு வரிசை தள்ளி அடித்தார்.

"அவ்வளவு வேண்டாமே" என்றேன்.

"பஸ்ஸு நீளமுங்களே."

தங்கை மரத்தடியிலிருந்து அதைப் பார்த்தார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எட்டு மைல் நடக்கக் கிளம்பிவிட்டார். பேசாமல் இருப்பதில் இரண்டு பேரும் ஒரே வார்ப்பு.

நடுவில் மரம் நிற்கிற வரைபடத்தைப் பார்த்த ரோட்டு இன்ஜினியர், இப்படி ஒன்றைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றார். இனிமேல் பார்ப்பீர்கள் என்றேன். மூன்று முறை திருப்பி அனுப்பினார், மூன்று முறையும் அதே படத்தைப் புதுக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தேன். நாலாவது முறை அலுத்துப்போய்க் கையெழுத்திட்டார். ஜல்லி கொட்டி, தார் ஊற்றி, மழைக்குப் பத்து நாள் முன்னால் வேலை முடிந்தது.

முதல் பஸ் வந்த அன்று கரடியூரில் அடுப்பு எரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அத்தனை பேரும் ரோட்டில் நின்றார்கள். வாழை மரமும் மாவிலையும் கட்டிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுக்கெல்லாம் ஹாரன் அடித்தபடி வண்டி ஏறி வந்தது. டிரைவர் அடிவாரத்துக்காரர், குஷியான மனிதர். பலாவை ஒரே வீச்சில் சுற்றி, பின்னால் ஒரு அடிகூட எடுக்காமல், வந்த திசையைப் பார்த்து நிறுத்தினார். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை. இதை என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஊரே பஸ்ஸில் ஏறிக்கொண்டது. எங்கே போகணும் என்று டிரைவர் கேட்டால் எங்கேயும் இல்லை என்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மரத்தைச் சுற்றி ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று ஓட்டினார். கரடியூர்க்காரர்கள் முதன்முதலாகப் பஸ் ஏறிப் போன ஊர் கரடியூர்தான். நானும் படியில் தொங்கினேன். செயின்மேன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

தங்கை அந்தப் பஸ்ஸில்தான் ஒண்டிக்கடையிலிருந்து வந்திருந்தார். பலாப்பழக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. ஜன்னலோரம் மடியில் பையோடு உட்கார்ந்து, தன் மரத்தைத் தானே நாலைந்து தடவை சுற்றி, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் மட்டும் இறங்கவில்லை. இறங்கி எங்கே போவது? வந்த வண்டியிலேயே திரும்பிவிடலாம் என்று இருந்துவிட்டார்.

"ஒண்டிக்கடை போறவங்க ஏறிக்கலாம்" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

அண்ணன் கூட்டத்திலிருந்து வந்து அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றார். நின்றாரே தவிர வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, டிரைவரைப் பார்த்து நிறுத்தய்யா என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் ஜன்னலுக்குள் கையை விட்டு, தங்கையின் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டார்.

"எறங்கு அம்மிணி."

"பஸ்ஸு போயிருமேண்ணா" என்றார் தங்கை.

"போகட்டும். நாளைக்கும் வருமில்ல" என்றார் அண்ணன்.