தௌபிக் சொன்ன கேம்

ராபின் ஒரு பனியன் கம்பெனியில் பிளாட்லாக் டெய்லர். பக்கத்து மெஷினில் தௌபிக் ஓவர்லாக்கில் மூட்டித் தள்ளும் பனியன்களுக்கு இவன் விளிம்பு மடித்து அடிப்பான். கரண்ட் போனால் போதும், குவேக் பெரிதா அன்ரியல் பெரிதா என்று இருவருக்கும் வாக்குவாதம் கிளம்பிவிடும். இரண்டுமே வேற்றுக்கிரகத்தில் சுட்டுத்தள்ளும் கம்ப்யூட்டர் கேம்கள்தான். ராபினுக்குக் குவேக், தௌபிக்குக்கு அன்ரியல். ஆனால் ஞாயிறுதோறும் பிரவுசிங் சென்டரில் ஆடியதென்னவோ ராபினின் குவேக் மட்டும்தான்.

“அன்ரியல்ல ஒவ்வொரு துப்பாக்கியும் ரெண்டு விதமா சுடுமுங்க. ஒருக்கா ஆடித்தான் பாருங்களேன் ராபின்” என்றான் தௌபிக் ஒரு ஞாயிறு.

“போவே! ஒரு விதமாவே ஒழுங்கா சுடத் தெரியாதவனுக்கு ரெண்டு விதம் எதுக்கு?”

சென்டரே சிரித்தது. அடுத்த சனிக்கிழமை தௌபிக் சம்பளம் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். எங்கே என்று விசாரிக்க ராபினின் வீம்பு விடவில்லை.

பல வருடம் கழித்து, 2008இல் ராபின் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி அன்ரியலைப் போட்டான். முதல் ஆட்டத்திலேயே அது பிடித்துப்போனது. எதிராளியாக ஆடும் கம்ப்யூட்டருக்குத் தௌபிக் என்று பெயர் வைத்தான். அது அவனை இரண்டு விதமாகவும் சுட்டு வீழ்த்தியது. “நாஞ் சொன்னனுங்களா இல்லீங்களா?” என்று மட்டும் கேட்கவில்லை.