தண்ணீர் குடித்த லாரி

பாகம் பிரித்தபோது வாய்க்காலை ஒட்டிய நிலத்தை அண்ணன் எடுத்துக்கொண்டான். மேட்டு நிலமும், களத்து ஓரம் துருப்பிடித்துக் கிடந்த பழைய மிலிட்டரி லாரியும் என் தலையில் விழுந்தன. "ஒனக்குத்தான் இஞ்சின் வேல தெரியுமே, நீயே வச்சுக்க" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொன்னான். குவைத் பட்டறையில் நான் வெந்துகொண்டிருந்த காலமெல்லாம் ஊரில் இருந்து சாகுபடி பார்த்தவன், கடைசியில் காயலான்கடைச் சரக்கை எனக்குத் தள்ளிவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி அது. நெல் மூட்டை ஏற்றியே தேய்ந்தது. அதை மறுபடி பட்டாளத்து வண்டியாக்கி, அண்ணன் வயலுக்குப் போகும் வழியில் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். தினமும் அவன் அதைப் பார்த்துச் சாக வேண்டும். அதற்கு வெறும் பெயின்ட் போதாது. எந்த எல்லையில் ஓடியது, எந்தச் சண்டைக்குப் போனது என்று ஊரே பேச வேண்டும்.

கதவைச் சுரண்டினேன். அப்பா அடித்த நீலத்துக்கு அடியில் பட்டாளத்துப் பச்சை, அதில் அம்புக்குறி போட்ட ஓர் எண். சீர்காழியிலிருந்து நாகப்பட்டினம் வரை எனக்குத் தெரிந்த மாஜி ராணுவத்தார் எல்லோரிடமும் அந்த எண்ணைக் காட்டினேன். ஒருவர் அஸ்ஸாம் என்றார், இன்னொருவர் ராஜஸ்தான் என்றார். "நம்பர வச்சு வண்டி வாங்குன வருஷத்தத்தான் சொல்லலாம், எங்க ஓடுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்று ஒரே ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார். அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு இஞ்சினைப் பிரித்தேன். பிஸ்டனைத் தள்ளும் ஆறு கனெக்டிங் ராடில் இரண்டு மட்டும் வேறு மாதிரி இருந்தன, பின்னால் மாற்றியவை. ஓடுகிற இஞ்சின் காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துவிட்டால் ராடு வளைந்துவிடும். வண்டி தண்ணி குடித்துவிட்டது என்பார்கள் பட்டறையில். போதும், என் சண்டை கிடைத்துவிட்டது. "எல்லையில ஆத்துக்குள்ள எறங்குன வண்டிய்யா இது" என்று டீக்கடையில் சத்தமாகச் சொன்னேன். அண்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். வயிறு எரிகிறது போலிருக்கிறது என்று நான் இன்னொரு டீ சொன்னேன்.

அந்த இரண்டு ராடுகளையும் டீசலில் கழுவும்போதுதான், அவற்றின் அடியில் போல்ட் போட்டுப் பூட்டும் மூடிகளில் இருந்த அடையாளத்தைப் பார்த்தேன். கழற்றியதை மாற்றிப் பூட்டிவிடாமல் இருக்க ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் கைக்குறி ஒன்று அடிப்பான். முக்கோணமாக மூன்று புள்ளி அடிப்பவர், நான் வேலை பழகிய மயிலாடுதுறைப் பட்டறைக்காரர். பட்டாளத்தில் மாற்றிய ராடில் அவர் குறி எப்படி வந்தது? மூடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

"நான் போட்டதுதான் தம்பி. பெருவெள்ளத்தப்ப ஒங்க அண்ணன் கட்டி இழுத்துட்டு வந்தாரு. அம்மாவ ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போறப்ப தண்ணி குடிச்சிருச்சாம். வண்டியிலயே போயிட்டாங்களே, பாவம். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. "தூக்கத்துலயே போயிட்டாங்கடா, ஒரு கஷ்டமும் படல" என்றுதான் அண்ணன் போனில் சொல்லியிருந்தான். குவைத்திலிருந்து வந்து அம்மா முகத்தைக்கூடப் பார்க்க முடியாத எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் இத்தனை வருஷமும் ஆறுதல்.

நேராக வயலுக்குப் போனேன். அண்ணன் மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தான். மூடியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அம்மா தூக்கத்துலயா போனாங்க?"

அவன் மறுக்கவில்லை. "வேற எந்த வண்டியும் போகாதுன்னுதான் அத எடுத்தேன். ரோடு அரிச்சிருந்தது தண்ணிக்குள்ள தெரியல. மூக்கு எறங்கிருச்சு. பானெட்டுக்கு மேல தண்ணி."

"நீதான் கொன்ன" என்றேன். வாய்க்கு வந்த இன்னும் பலதையும் சொன்னேன். அவன் மண்வெட்டியை வரப்பில் போட்டான்.

"கடைசியா என்ன சொன்னாங்க தெரியுமாடா? 'சின்னவன் ஓட்டியிருந்தா வண்டி நின்னிருக்காது'ன்னாங்க. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. இத எப்பிடிடா போன்ல சொல்லுவேன்? அந்தச் சனியன என் கண்ணால பாக்க முடியலன்னுதான் ஒன் பங்குல தள்ளுனேன்."

லாரி வேலையை முடித்துவிட்டேன். பச்சை அடித்து, சொன்ன இடத்திலேயே நிறுத்தியிருக்கிறேன். அண்ணன் இப்போது சுற்று வழியாக வயலுக்குப் போகிறான்.

அம்மா சொன்னது தப்பு. பானெட்டுக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டால் நான் ஓட்டியிருந்தாலும் அந்த இஞ்சின் நின்றுதான் போயிருக்கும். அதை அவன் நம்பும்படி சொல்லக்கூடியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். இன்னும் சொல்லவில்லை.