விடியும்வரை பொங்கிய டோனட் மா

அமெரிக்காவில் பழைய முறைப்படி வாழும் ஆமிஷ் என்ற சனம் உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு டோனட் சுடுவார்களாம். மருமகள் அதை வேலையிடத்தில் பழகி வந்தாள். ஞாயிறு பூசை முடிய, கோயில் சனத்துக்கு நானே சுட்டுத் தருவதாகப் பெருமையடித்துவிட்டேன்.

“மாமி, மா ஒரு மணித்தியாலம் பொங்கினால் காணும்.”

“மா புளிக்கவைக்க எனக்கே சொல்லித்தாறியோ, பிள்ளை?”

மொன்ட்ரியால் குளிரில் அப்ப மாவுக்குச் செய்வது போலவே, சட்டியைக் கம்பளியால் சுற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் விடியும்வரை வைத்தேன். காலையில் மா சட்டியை விட்டு இறங்கி, பக்கத்தில் காயவைத்திருந்த மகனுடைய சப்பாத்துக்குள் குடியிருந்தது. கோயிலில் எந்த முகத்தோடு நிற்பேன் என்று எனக்கு வியர்த்தது.

மருமகள் சிரிக்கவில்லை. சட்டியில் மிஞ்சியதைத் தட்டி, வட்டமாக வெட்டிப் பொரித்து, சீனிப்பாகில் தோய்த்தாள்.

கோயிலில் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இந்தப் புளிப்பு எப்பிடி வந்தது?”

நான் வாய் திறக்கமுன் மருமகள் சொன்னாள்: “அது மாமியின்ர கைப்பக்குவம்.”

இப்போது அவள் ஒரு மணித்தியாலம் என்றால், நான் மணிக்கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டு உட்காருகிறேன்.