கால் வைக்கும் இடத்தில் ஈரம்

போன சித்திரையில் என் மாமனார் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். பிராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம்கூட ஆகாத மனிதர், திண்டிவனத்து வெயிலில், நாளைக்கு இரண்டு டம்ளரோடு சரி. "நிறையக் குடிக்கணும், இல்லைன்னா புண்ணு ஆறாது, மறுபடியும் யூரின் டியூப் வைக்கவேண்டி வரும்" என்று விழுப்புரத்து டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவர் குடிக்காததற்குக் காரணம் எங்கள் காரில் இருந்த ஒரு சாமான். அது தெரியாமல் ஒரு மாதம் நாங்கள் இருவரும் பட்ட பாடு இருக்கிறதே, நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

கார் என் கணவரின் பைத்தியம். அவருக்கு மஸ்கட்டில் வேலை. போன விடுப்பில் வந்தபோது ஊட்டியில் யாரோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு திரும்பி வந்தார். இரண்டு கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உயரம். ஏசி எப்போதோ செத்துப்போயிருந்தது. ஹீட்டர் மட்டும் வேலை செய்கிறது என்று பெருமையாகச் சொன்னார். விழுப்புரம் மாவட்டத்தில் ஹீட்டரை வைத்துக்கொண்டு நான் அப்பளம் பொரிக்கவா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மூன்றாவது வாரம் விமானம் ஏறிவிட்டார். வண்டி என் தலையில் விழுந்தது. ஒலக்கூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு அதிலேயே போய் வர ஆரம்பித்தேன்.

மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில். மாமியார் போய் ஏழு வருடம். ஆக வீட்டில் நானும் மாமனாரும்தான். அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே அவர் மிதிக்காத பிரேக் இல்லை. மருமகள் ஓட்டத் தான் இடது பக்கம் உட்காருவது முதலில் அவருக்கு ஒப்பவில்லை. வழியெல்லாம் காலால் தரையை மிதித்து, இல்லாத பிரேக்கைப் போட்டுக்கொண்டு வருவார். வண்டியில் ஏறினதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவது அவர் வழக்கம்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் செக்கப்புக்குப் போகும்போது கூட்டேரிப்பட்டு கிட்டே இன்ஜின் சூட்டு முள் ஏறிவிட்டது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரின் ஒரு மூலையில் ஊசி முனை அளவு ஓட்டை. தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மாமனாருக்கோ, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறையாக முகத்தில் களை வந்தது.

"பேஜாரே வாணாம் கண்ணு. அந்தக் கடையில மஞ்சத்தூள் ஒரு பாக்கெட்டு வாங்கினு வா."

"மஞ்சத்தூளா மாமா?"

"வாங்கினு வாயேன். எத்தினி பஸ்ஸ நான் இப்பிடி ஊரு கொண்டாந்து சேத்திருக்கேன் தெரியுமா?"

இன்ஜின் ஆறியதும் பாக்கெட் முழுவதையும் ரேடியேட்டருக்குள் கொட்டி, இரண்டு பாட்டில் தண்ணீரும் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் தூள் ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டது. ஒழுகல் நின்றேவிட்டது. விழுப்புரம் வரை பேசிக்கொண்டே வந்தார். எனக்கும் சந்தோஷம்தான். பழைய டிரைவர் பழைய டிரைவர்தான் என்று மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

இரண்டாவது செக்கப் முடிந்து திரும்பியபோதுதான் அது நடந்தது. முண்டியம்பாக்கம் தாண்டினதும் வழக்கம்போல அவர் தூங்கிவிட்டார். வீட்டு வாசலில் எழுப்பினேன். இறங்கக் காலை வண்டித் தரையில் அழுத்தினவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குனிந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டி நுனியைச் சுருட்டிப் பிடித்தபடி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். நான் அந்தப் பக்கம் வந்து பார்த்தேன். கால் வைக்கும் இடத்தில் மேட் நனைந்திருந்தது. தொட்டேன். வெதுவெதுப்பு. கையில் லேசான மஞ்சள்.

கொஞ்ச நாளைக்குச் சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போகலாம், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஐயோ பாவம் என்றுதான் தோன்றியது. மாமனார் மருமகளிடம் வாய் திறந்து சொல்லக்கூடிய விஷயமா இது? அவர் அறியாமல் மேட்டை எடுத்துப்போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு, பினாயில் ஊற்றிக் கழுவினேன். முகர்ந்து பார்க்கவில்லை. யார்தான் முகர்ந்து பார்ப்பார்கள்?

அதோடு விட்டேனா? மறுநாள் மகள் குழந்தையாக இருந்தபோது வாங்கின ரப்பர் ஷீட்டைத் தேடி எடுத்து, அவர் சீட்டில் விரித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. சாயங்காலம் அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். துண்டைத் தூக்கினார். மறுபடி அதே மாதிரி போட்டு மூடிவிட்டு உள்ளே வந்தார். அன்று இரவு சாப்பாட்டில் தண்ணீர் டம்ளரை அவர் தொடவே இல்லை.

அதிலிருந்து வண்டியில் ஏறுவதில்லை. காலையில் டீக்கடைக்குப் போவது நின்றது. எந்நேரமும் அறை, கதவு சாத்தி. நாக்கு உலர்ந்துபோய் இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தை ஒட்டிக்கொள்ளும். மோர் கொண்டுபோய் வைத்தால் அப்புறம் குடிக்கிறேன் என்பார். மூன்றாவது செக்கப் நாளில் கிளம்புங்கள் என்றேன்.

"நான் வர்ல. இனிமே எங்கயும் வர்ல."

"டியூப் வெச்சிடுவாங்க மாமா!"

"வெச்சா வெக்கட்டும். அதுலயாவது மானம் தப்பிக்கும்."

நான் கோபக்காரி. குழந்தை மாதிரி அடம் பிடிக்காதீர்கள் என்று கத்திவிட்டேன். குழந்தை என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. ரப்பர் ஷீட்டைப் பார்த்த மனிதர் அவர். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இவர் இப்படியே காய்ந்து போய்விடுவார், அதை நான் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறேன் என்ற பயம்.

இதற்கு நடுவில் காருக்கு வேறு தாகம். தினம் காலையில் பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும். ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டுகூட இருக்காது. பழைய ஓட்டையிலும் மஞ்சள் அப்படியே கெட்டியாக நின்றது. எங்கேதான் போகிறது என்று புரியவில்லை. ஒரு சனிக்கிழமை தனியாக விழுப்புரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே இந்த மாதிரி வெளிநாட்டு வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவசரமே படாத ஆள்.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. நேராக இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்தார்.

"இன்னா மேடம், கீழ எல்லாம் ஈரமா இருக்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழி நெடுக அந்த சீட்டில் ஆளே இல்லை. மாமனார் அதில் உட்கார்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். அதே வெதுவெதுப்பு. அதே மஞ்சள்.

மெக்கானிக் விரலை மூக்கருகே கொண்டுபோனார். "மஞ்சத்தூள் வாசன வருது. ரேடியேட்டர்ல போட்டீங்களா?"

போட்டோம் என்றேன்.

"அதான். ஹீட்டர் இருக்குது பாருங்க, அதுக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். இன்ஜின் சுடுதண்ணி அதுலயும் சுத்திக்கினு வரும். டேஷ்போர்டுக்குப் பின்னாடி, சரியா இந்தக் கால் வெக்கிற எடத்துக்கு மேல. முன்னாடி ஓட்டைய நீங்க அடைச்சிட்டீங்க, பிரஷரு இங்க வந்து ஒடைச்சிக்கிச்சி. கார்ப்பெட்டுக்கு அடியிலயே எறங்குறதால சொட்டுறது கண்ணுக்குத் தெரியாது."

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். காரில் குறைந்த தண்ணீரும் மேட்டில் கூடிய தண்ணீரும் ஒன்றுதான். இருபது வருடமாகக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுப்பவள் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அதைவிட மோசம் ஒன்று உண்டு. அன்றைக்கு சீட்டு காய்ந்தே இருந்தது. கால் வைக்கும் இடம் மட்டும்தான் நனைந்திருந்தது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மெக்கானிக் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"இதுக்கு ஏன் மேடம் அழுவுறீங்க? நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு? உள்ள போற பைப்பு ரெண்டையும் ஒண்ணா சேத்து கிளாம்ப் அடிச்சிடறேன். ஜல்தியா முடிஞ்சிடும். எல்லாருக்கும் அப்பிடித்தான் பண்றேன்."

"வேணாம். அதை வெளியே எடுங்க. எனக்கு அந்தச் சாமான் கையில வேணும்."

"டேஷ்போர்டு மொத்தமும் எறக்கணும் மேடம். ஒரு நாள் வேல."

"எறக்குங்க. எறக்கினதுக்கு அப்புறம் புதுசே போட்டு மூடிடுங்க."

ஸ்டீயரிங், மீட்டர் பலகை, பெயர் தெரியாத பெட்டிகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு போர்வையின்மேல் வைத்தார். மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே கையை விட்டு அதை உருவினார். பாடப்புத்தகம் அளவுதான். உள்ளே மெல்லிய குழாய்கள், நடுவில் மடிப்பு மடிப்பாகத் தகடு. ஒரு மூலையில் சந்தனம் காய்ந்த மாதிரி மஞ்சள் அப்பியிருந்தது. இதுவா, இதுவா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதுசு சென்னையிலிருந்து பார்சலில் வர நாலு நாள் ஆகும் என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சாமானைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் வழி முழுக்க ஒத்திகை. மாமா, அது நீங்கள் இல்லை என்று சொல்வதா? அப்படிச் சொன்னால் இத்தனை நாள் நீங்கள்தான் என்று நினைத்தேன் என்று ஆகிவிடுமே. விக்கிரவாண்டி போனது, கூட்டேரிப்பட்டு போனது, ஒரு வாக்கியமும் உருப்படியாக அமையவில்லை. கடைசியில் ஒன்றும் யோசிக்காமல் வீட்டுக்குப் போய், அவர் கட்டில்மேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன்.

"வண்டியிலேர்ந்து கழட்டினாங்க மாமா."

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். எத்தனை வருத்தமிருந்தாலும் டிரைவருக்கு வண்டிச் சாமான் என்றால் கை நீளாமல் இருக்குமா?

"ரேடியேட்டரா? இத்தினூண்டா இருக்குது?"

"உள்ளாற சூடு குடுக்கிற ஹீட்டருக்கு உள்ளது மாமா. சுடுதண்ணி இதுக்குள்ள வருமாம். நீங்க கால் வெப்பீங்களே, சரியா அதுக்கு மேல இருந்துச்சி. இதுதான் ஒழுகிக்கினு இருந்திருக்குது. இன்னிக்கி நான் தனியாத்தான் போனேன். அப்பவும் அந்தப் பக்கம் நனைஞ்சிருந்துச்சி."

அவர் அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஒரு குழாய் வாயைக் கட்டை விரலால் அடைத்து, இன்னொன்றில் தண்ணீர் விட்டார். மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக மஞ்சள் தண்ணீர் அவர் பாதத்தின்மேல் விழுந்தது. காலை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போட்ட மஞ்சத்தூளா?"

"ஆமா மாமா."

"பஸ்ஸுல இந்தக் கருமாந்தரமெல்லாம் கெடையாது கண்ணு. வண்டிக்குள்ள சுடுதண்ணி வரும்னு எவன் கண்டான்?"

தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. எனக்கும் அந்த இரண்டும்தான் வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தார்.

"தண்ணி கொண்டா. செம்புல கொண்டா."

அண்ணாந்து ஒரு செம்பு குடித்தார். காலிச் செம்பை நீட்டினார். இன்னொன்று கொண்டுவந்தேன். அதையும் குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீயும் அப்பிடித்தான நெனச்ச?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. "ஆமா மாமா. அந்த ஷீட்ட நான் போட்டிருக்கக் கூடாது."

"வுடு. வண்டி ஓட்னவன், எனக்கே தெரியல. நீ இன்னா பண்ணுவ."

அடுத்த சனிக்கிழமை மெக்கானிக் வண்டியைக் கொடுத்தார். மஞ்சள் போகும்வரை மூன்று முறை கழுவியிருந்தார். முன் ரேடியேட்டரின் ஓட்டையைப் பற்றவைத்து, பச்சை நிறக் கூலண்ட் ஊற்றியிருந்தார். இனிமேல் மஞ்சள்தூளைக் குழம்பில் மட்டும் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதை நான் மாமனாரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை செக்கப். தானாகவே வந்து காரில் ஏறினார். ஷீட்டும் துண்டும் அங்கே இல்லை. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நன்றாக ஆறியிருக்கிறது, டியூப் தேவையே இல்லை என்றார். திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் நிறுத்தச் சொல்லி, நின்ற நிலையில் இரண்டு இளநீர் குடித்தார்.

வண்டி கிளம்பியதும் கேட்டார்: "அந்த ஹீட்டரக் கொஞ்சம் போடு கண்ணு."

"இந்த வெயில்லயா மாமா?"

"போடேன்."

போட்டேன். காலடியில் அனல் அடித்தது. இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்றியது. செருப்பைக் கழற்றி வைத்த காலை அந்தச் சூட்டில் நீட்டிக்கொண்டு, திண்டிவனம் ஊருக்குள் நுழையும் வரை அணைக்க விடவில்லை. வழக்கம்போலத் தூங்கவும் இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் உடனே இறங்கவில்லை. குனிந்து, உள்ளங்கையை விரித்து, மேட்டின் மேல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அழுத்திப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு" என்றார்.