கோணியைக் கண்டு பயந்த மில் பூனை

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில் நான் தபால் கொடுக்கிறேன். என் வழியில் ஒரு ரைஸ் மில் இருக்கிறது. அங்கே நெல் மூட்டைகளின் மேல் பிறந்து, அவற்றின் மேலேயே தூங்கி வளர்ந்தவள் அந்தச் சாம்பல் நிறப் பூனை. என் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடி வந்து என் காலைச் சுற்றுவாள். ஒருநாள் லாரி ரிவர்ஸ் எடுத்தபோது அவளுடைய பின்னங்கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. கால் எலும்பு கோணலாகத்தான் கூடும் என்றார் மாட்டு டாக்டர். மில்லில் நான்கு நாய்கள். இனி ஓடித் தப்ப முடியாது, வெளியே விட்டால் ஒரு வாரம் தாங்காது என்று சொல்லிவிட்டார். சரி, நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நான் முடிவு செய்தேன்.

எதிர்வீட்டு அக்கா யோசனை சொன்னார். "சும்மா தூக்கியாந்தா திரும்பி மில்லுக்கே பூடும். கோணில கட்டி, வாசல்ல மூணு சுத்து சுத்திட்டு உள்ள வுடு. வழி மறந்துடும்."

எங்கள் பக்கத்தில் பூனையைக் கொண்டுபோய் விடவும் இதுதான் வழி, கொண்டு வரவும் இதுதான். நானும் படித்தவள்தான், ஆனாலும் செய்தேன். கோணியில் கட்டி, ஸ்கூட்டரில் வைத்து, வாசலில் மூன்று சுற்றும் சுற்றினேன். அவிழ்த்ததும் பாய்ந்து கட்டிலுக்கு அடியில் போனவள்தான், மூன்று நாள் வெளியே வரவில்லை.

மீன் தலை வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. மலம் கழிக்க, சிமெண்ட் அள்ளும் பாண்டில் எம்-சாண்ட் மணல் கொட்டிக் கட்டில் பக்கம் வைத்தேன், அதைத் தொடாமல் கட்டிலுக்கடியில் கிடந்த என் செருப்பில் போனாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "இன்னாமே, உன் பொண்ணு புகுந்த வூட்டுக்கு வந்தாப்ல அழுவுது?"

மில் ஞாபகத்தில் ஏங்குகிறாள் என்று நினைத்தேன். மில்லுக்குப் போய் உமி அள்ளி வந்து பாண்டில் நிரப்பினேன். அது சரியாக வேலை செய்தது. அந்தத் தைரியத்தில், படுத்துக்கொள்ளட்டும் என்று அங்கிருந்தே ஒரு பழைய கோணியும் கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் விரித்தேன். அவ்வளவுதான். என் கையைக் கீறிவிட்டு அடுப்படி அலமாரிக்குத் தாவினாள். எவர்சில்வர் பாத்திரம் அத்தனையும் தரையில் உருண்டது.

வீட்டுக்காரர் ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தார். எங்கள் நிலத்தில் அறுவடை முடிந்த நேரம். சுவரோரம் முழுக்க கோணியில் கட்டிய நெல் மூட்டைகள், கூரை தொட அடுக்கியிருந்தோம்.

"அது மில்ல நெனச்சி அழுவலமே. கோணியப் பாத்து பயந்துகினு கீது."

கோணியைத் தவிர வேறு மெத்தை அறியாதவளை, அந்தக் கோணியைக் கண்டே நடுங்க வைத்தவள் நான். மூன்று சுற்றில் அவள் வழியை மறக்கவில்லை, தூக்கத்தைத்தான் மறந்தாள்.

அன்றே என் பழைய புடவைகளை எல்லாம் எடுத்து மூட்டைகளைப் போர்த்தினேன். "நெல்லுக்குச் சீமந்தமா?" என்று தெருவே கேட்டது. கேட்கட்டும். மறுநாள் கட்டிலுக்கு வெளியே மூக்கு தெரிந்தது. ஒரு வாரத்தில் சாப்பிட வந்தாள், ஒரு மாதத்தில் டிவி பார்க்கும் வீட்டுக்காரர் மடியில் ஏறினாள். ஆனால் மூட்டைப் பக்கம் மட்டும் போகமாட்டாள். வாசல் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தோம்.

நெல் விற்ற அன்று லோடு ஏற்றுகிறவர்கள் வந்தார்கள். நான் தபாலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, வீட்டுக்காரர் முகம் செத்திருக்கிறது.

"மூட்ட தூக்கறப்போ கதவ சாத்த முடில. காணோம்மே. கட்டிலு, பீரோ, அலமாரி, எல்லாம் பாத்துட்டேன்."

வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். மில்லுக்கு வண்டியை விரட்டினேன். நான்கு நாய்களும் நிழலில் படுத்திருந்தன. அவற்றின் வாயைப் பார்க்கவே பயமாக இருந்தது. இல்லை, இங்கே வரவில்லை என்றார்கள் மில் ஆட்கள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். சாப்பாட்டுக்கென்று நிறுத்திக்கொண்ட ஐந்து மூட்டைகளை அங்கே அடுக்கியிருந்தார்கள். போர்த்திய புடவையை உருவி ஓரமாகப் போட்டிருந்தார்கள். வெறும் கோணி. அதன் உச்சியில் அவள், கோணல் காலை நீட்டிக்கொண்டு, தூக்கத்திலேயே கோணியை நகத்தால் பிசைந்தபடி கிடந்தாள். கோணி இருக்கும் இடத்தில் அவள் இருக்கமாட்டாள் என்று அங்கே மட்டும் யாரும் தேடவில்லை.

வீட்டுக்காரரைச் சைகை காட்டிக் கூப்பிட்டேன். இருவரும் மூச்சுவிடாமல் நின்று பார்த்தோம். வாசல் கதவு இன்னும் திறந்துதான் கிடந்தது.

அந்த ஐந்து மூட்டையை இன்னும் அரைக்கவில்லை. விவசாயி வீட்டில் கடையில் அரிசி வாங்குகிறார்களே என்று எதிர்வீட்டு அக்கா கேட்கிறார். வாங்கத்தான் வாங்குகிறோம்.