வெள்ளிமலையில் பன்னிரண்டு சிறகவரை விதைகள்

கள்ளக்குறிச்சியில் மாடித் தோட்டம் போடுகிற பதினோரு பேர் ஒரு குழுவாக இருக்கிறார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடி, களை பறித்து, தொட்டி மாற்றி, விதைகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். போன ஆனியில் அந்த ஞாயிறன்று கல்வராயன் மலைக்குக் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

போனதற்குக் காரணம் ஒரு தப்பு. இவர்களுக்குச் சிறகவரையைப் பழக்கியவர் இரும்புக் கடை ஜமால் பாய். காயின் நாலு பக்கமும் இறக்கை மாதிரி விளிம்பு இருக்கும். ஆடியில் விதைக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் ஒருவரிடமும் விதை இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, மற்ற பத்துப் பேரில் யாராவது வைத்திருப்பார் என்று பதினோரு பேருமே நினைத்திருக்கிறார்கள். வாங்கிப் போனவர்களை விசாரித்தால், எல்லோரும் பிஞ்சிலேயே பறித்துப் பொரித்துத் தின்றிருந்தார்கள். மிச்சம் இருந்த நம்பிக்கை, மலைமேல் வெள்ளிமலை ஊரில் இருக்கும் அலமேலு. போன வருஷம் சந்தைக்கு வந்தபோது ஒரு பொட்டலம் வாங்கிப் போனவர்.

காலை 6.40க்கு வேன். என்னோடு எட்டுப் பேர். வாடகை 3,600, தலைக்கு 450 ரூபாய். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்கக் கால் மணி நேரம். பிறகு மலைப்பாதை. ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை வசந்தா பார்த்த கொடிக்கெல்லாம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இன்னாம்மா, செடிக்குச் செடி நிறுத்திக்கினு போனா எப்ப போய்ச் சேர்றது?" என்றார் ஓட்டுநர்.

"செடி பாக்கத்தான வந்தோம். மெதுவா ஓட்டு."

9.20க்கு வெள்ளிமலை. வண்டி மீட்டரில் நாற்பத்தொரு கிலோமீட்டர்.

அலமேலு ஒரு பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார். பன்னிரண்டு விதைகள்.

"அவ்ளோதாங்க. பாதி குடுத்தா எனக்கு ஆறு. மழ ஏமாத்துனா உங்களுக்கும் போச்சு, எனக்கும் போச்சு."

பதினோரு பேரும் தொலைத்ததை அவர் ஒருவர்தான் காப்பாற்றியிருந்தார். அதிலும் பாதி கேட்டு நிற்கிறோம்.

"குடுக்கறேன். ஆனா ஒருத்தர் கையிலதான் இருக்கணும். காய் முத்தி விதை எடுக்கற வரைக்கும் யாருக்கும் பங்கு கிடையாது."

எல்லோரும் பாயைக் காட்டினார்கள். பாய் ஆறு விதைகளையும் வாங்கினார். வாங்கிய கையை அப்படியே வசந்தாவிடம் நீட்டினார். "உங்க மாடியிலதான் வெயில் ஜாஸ்தி. மூணு நீங்க வச்சிக்கங்க."

"நான் இன்னும் வாயே மூடலீங்க," என்றார் அலமேலு.

"பாய், கைய மடக்குங்க," என்றார் வசந்தா. சிரிப்பு அடங்க வெகு நேரமானது. பிறகு எல்லோரும் வெயில் ஏறும்வரை அலமேலுவுக்குப் பந்தல் கட்டிக் கொடுத்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: பேருந்து கம்மி, திரும்பும் நேரத்தை முதலிலேயே கேட்டு வையுங்கள். வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் காலையில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். விதை கேட்டுப் போனால் ஏதாவது விதை கொண்டு போங்கள். கொடுத்துப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்வதுதான் சிரமம் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

தையில் பாய் வீட்டு மாடிக்குப் போனேன். ஆறில் நான்கு முளைத்து, கொடியில் காய்கள் முற்றிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு பிஞ்சு கேட்டேன்.

"டீ வேணா ரெண்டு குடிங்க சார்," என்றார் பாய். "காய்ல கை வைக்காதீங்க."